பதினொரு நாள், ஒரே அளவு

நீ கேட்டது நூறு வார்த்தை. "அம்மா, ஆய்வாளர் குறிப்பு, சுவரில் மாட்ட, இங்கிலீஷில் நூறு வார்த்தை, வெள்ளிக்கிழமைக்குள்" என்று ஒரே வரியில் அனுப்பியிருந்தாய். மூன்று வாரமாக என்னோடு பேசாதவன் அனுப்பிய முதல் செய்தி அது. எப்படி இருக்கிறாய் என்று ஒரு சொல் இல்லை. எனக்கும் உன்னிடம் அப்படிக் கேட்கத் தோன்றவில்லை என்பதால் அதைக் குற்றமாகச் சொல்லமாட்டேன். ஐந்து முறை எழுத உட்கார்ந்தேன். ஐந்து முறையும் முதல் வரியிலேயே ஒரு பொய் வந்து உட்கார்ந்துகொண்டது. அதனால்தான் இந்தக் கடிதம். ஞாயிற்றுக்கிழமை தம்பானூர் ஸ்டேஷனில் உன் கண்காட்சித் துணிக்கட்டுகளை ஏற்றிக்கொண்டு சென்னைக்குக் கிளம்புகிறாய், இனி இரண்டு வருடம் அங்கேதான் என்று உன் அப்பா சொன்னார். இந்த மூன்று வாரமும் அவர்தானே நம் வீட்டுத் தபால்காரர். ரயில் ஏறும்வரை வைத்திருக்காதே, கையில் கிடைத்ததும் படி. நடுவில் கோபம் வந்தால் கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டு மறுபடி படி. நானும் முழுக் கோபமும் தணிந்து எழுதவில்லை.

முதலில் எரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். "உரையாடல்" என்ற சொல்லை உன் வாயிலிருந்து இந்த இரண்டு வருடத்தில் நான் கேட்ட அளவுக்கு வேறு எதையும் கேட்டதில்லை. அறிவியலுக்கும் கலைக்கும் உரையாடல், ஆய்வுக்கும் காட்சிக்கும் உரையாடல். வந்து பார்த்தால் நாலு நாற்காலி, ஒரு மைக், ஒரு பூச்செண்டு. ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து எழுதிக்கொண்டு வந்ததை வாசித்துவிட்டு, அடுத்தவர் வாசிக்கும்போது போனைப் பார்க்கிறார்கள். எங்கள் ஆட்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. முப்பது வருடம் ஆறுகளின் நீர்மட்டத்தைப் படித்தேனே, என் துறையில் கலைஞர் என்றால் கருத்தரங்குப் பேனருக்குப் படம் போட்டுத் தருபவர். உங்களுக்கு நாங்கள் யார்? சுவருக்குத் தோதாக நீலக் கோடு போட்ட வரைபடம் தருகிறவர்கள். நீங்கள் எங்களிடம் எண் வாங்க வருகிறீர்கள், நாங்கள் உங்களிடம் பேனர் வாங்க வருகிறோம். இதற்கெல்லாம் எதற்கு இவ்வளவு பெரிய பெயர் என்று உன்னிடம் சாப்பாட்டு மேசையில் கேட்டேன். "அம்மைக்கு எல்லாம் தமாஷ்தான்" என்று சொல்லிவிட்டு நீ எழுந்து போய்க் கை கழுவினாய்.

தமாஷ் இல்லை. அதற்குப் பின்னால் ஒரு பழைய வருத்தம் இருந்தது. இயற்பியலில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்தும் அதை விட்டுவிட்டுக் கண்காட்சி அமைக்கப் படிக்கப்போகிறேன் என்று நீ சொன்ன அன்றைக்கு, "ஆணி அடிக்கவா இவ்வளவு படித்தாய்" என்று கேட்டேன். உன் அப்பா என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது. அந்தக் கேள்விக்காக நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்டதே இல்லை. என் ஆய்வை எடுத்து ஒரு கண்காட்சி செய்யப்போகிறேன் என்று நீ வந்து நின்றபோது, அதை நீ எனக்குக் கொடுத்த மன்னிப்பாக எடுத்துக்கொண்டு உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். வெளியே காட்டவில்லை. "அளவு டேபிள் எல்லாம் என் பெட்டியில் இருக்கிறது, எடுத்துக்கொள்" என்று மட்டும் சொன்னேன். பிறகு உன்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நீயும் கேட்கவில்லை. அப்போதே நம் உரையாடலின் லட்சணம் தெரிந்திருக்க வேண்டும்.

கண்காட்சி திறந்த அன்று வழுதக்காட்டில் அந்த ஓட்டுவீட்டுக்குள் நுழைந்தபோது என்ன நினைத்தேன் என்று இதுவரை உன்னிடம் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன். வெள்ளை முண்டுத் துணியை நீளநீளமாகக் கிழித்து, கல்லாற்றின் சேற்றில் முக்கி, ஒரு வருடத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு துண்டு என்று வரிசையாகத் தொங்கவிட்டிருந்தாய். அன்றைக்கு ஆற்றில் எவ்வளவு தண்ணீரோ அவ்வளவு உயரத்துக்குச் சேறு. கோடை வேனலில் முழங்காலுக்குக் கீழே இருந்த சேற்றுக்கோடு நடக்க நடக்க ஏறி, ஜூலையில் என் தலைக்கு மேலே போய்விட்டது. நான் அந்த எண்களோடு முப்பது வருடம் வாழ்ந்தவள். அவற்றை நிமிர்ந்து பார்க்க வேண்டிவரும் என்று நினைத்ததே இல்லை. வெளியே வந்து உன்னிடம் "லைட் போதாது" என்றேன். அதுதான் என் பாராட்டு.

இனி அந்தப் பதினொரு நாள். இதை உன் பக்கத்தில் இருப்பவர் எட்டிப் படித்தாலும் புரிய வேண்டும் என்பதற்காக முதலிலிருந்து சொல்கிறேன். பொன்முடி மலையடியில் கல்லாற்றங்கரையில் நான் ஒரு அளவுப்பலகை நட்டிருந்தேன். ஆற்றுக்குள் செங்குத்தாக நிற்கும் பெரிய அளவுகோல், அவ்வளவுதான். தினமும் காலையில் ஒருவர் இறங்கிப் பார்த்து, தண்ணீர் எந்த இடத்தில் நிற்கிறது என்று நோட்டில் எழுத வேண்டும். அந்த வேலையைப் பக்கத்தில் டீக்கடை வைத்திருந்த பாக்கியத்திடம் கொடுத்தேன். போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கல்யாணம் ஆகி மலையிறங்கி வந்தவள். ஒன்பது வருடம் எழுதினாள். நான் எழுதிய கட்டுரைகளில் அவள் பெயர் எங்கும் இல்லை. "களப்பணியில் உதவியவர்களுக்கு நன்றி" என்று கடைசியில் ஒரு வரி இருக்கும், அதற்குள் அவளும் அடக்கம். ஒன்பதாவது வருடம், நீ துணியில் தொங்கவிட்ட அதே வருடம், ஆகஸ்ட் மாதம் மழை ஓய்ந்திருந்த சமயம், பதினொரு நாள் தொடர்ந்து ஒரே அளவை எழுதியிருந்தாள். ஒரு மீட்டர் இருபத்தெட்டு சென்டிமீட்டர்; ஒன்று இருபத்தெட்டு, ஒன்று இருபத்தெட்டு என்று பதினொரு தடவை. மழை ஓய்ந்தால் ஆறு நாளுக்கு நாள் இறங்க வேண்டும். ஆற்றுக்கு இறங்காமல் கடையில் உட்கார்ந்தபடி எழுதியிருக்கிறாள் என்று முடிவு கட்டி, அந்த எண்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டுத் தள்ளிவிட்டு, ஆறு எப்படி இறங்கியிருக்குமோ அப்படிக் கணக்குப் போட்டுப் புது எண்களை வைத்தேன். எங்கள் தொழிலில் இதற்குச் சுத்தப்படுத்துவது என்று பெயர். பிறகு அவளை நிறுத்திவிட்டு ஒரு தானியங்கிக் கருவி வைத்தேன். அது இரண்டு மழைக்குத் தாங்கவில்லை.

கண்காட்சி நடந்துகொண்டிருந்தபோதுதான் பெட்டியின் அடியிலிருந்து பழைய நோட்டை எடுத்து, இந்தச் சிவப்பு வட்டம் என்ன என்று கேட்டாய். "கள்ளக் கணக்கு, அதை விடு" என்றேன். இரண்டு நாள் கழித்து, "அம்மா, ஞான் கல்லாறு வரை போயிருந்தேன், ஒரு காரியம் பேசணும்" என்றாய். நான் வங்கிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அதற்கடுத்த நாளும் வந்தாய், நான் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆக, நீ சொல்ல வந்தாய், நான்தான் தள்ளிப்போட்டேன். மூன்று வாரமாக "முன்னாலேயே சொல்லியிருக்கலாமே" என்று உன் அப்பாவிடம் கத்திக்கொண்டிருந்தவளுக்கு இதை ஒப்புக்கொள்ள இந்தப் பக்கம் வரை எழுத வேண்டியிருந்தது.

ஆனால் உன்மேலும் தப்பு இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் உன் அம்மா இல்லை. அந்தச் சனிக்கிழமை உரையாடலுக்கு என்னை மேடையில் உட்காரவைத்தாய். நெறியாளர் "இரண்டு அறிவுமுறைகளின் சந்திப்பு" என்று கால்மணி நேரம் பேசினார். என்னிலிருந்து இரண்டு நாற்காலி தள்ளி நரைத்த தலையோடு ஒரு அம்மாள் பச்சைப் பட்டுப்புடவையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். "கல்லாற்றிலிருந்து ஒரு விருந்தாளி" என்று மட்டும் சொன்னாய். நான் சுவரைப் பார்த்தேன். என் கணக்கில் தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கியிருந்த ஆகஸ்ட் சேற்றுக்கோடு, இப்போது பதினொரு துணியிலும் என் தோள் உயரத்தில் நேராக நின்றது. என் கணக்குத் துணிகளை எடுத்துவிட்டு அந்தச் சிவப்பு வட்ட எண்களை மாட்டியிருந்தாய். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. மைக்கை வாங்கி, "இது தப்பு. இந்தப் பதினொரு நாள் ரீடிங் கள்ளம். எழுதின ஆள் வீட்ல உக்காந்து எழுதினது" என்றேன். நூறு பேர் முன்னால், நல்ல தெளிவான குரலில் சொன்னேன். வகுப்பு எடுத்துப் பழகிய குரல் அல்லவா.

அந்த அம்மாள் மைக் வாங்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்து, "டீச்சர், நான்தான் பாக்கியம். அந்த மரம் ஓர்மை இருக்கா?" என்றாள். எந்த மரம் என்றேன். "இந்தப் பிள்ளை ஏறி இருந்துச்சே, அந்த மரம்" என்று உன்னைக் காட்டினாள். நீ தலையாட்டினாய். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எல்லோரும் சேர்ந்து என்னைக் கூண்டில் ஏற்றிவிட்டீர்கள் என்பது மட்டும் விளங்கியது. பையை எடுத்துக்கொண்டு இறங்கி ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன். அவள் யார் என்று முன்னாலேயே ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் அவள் முகத்துக்கு நேரே அவளைக் கள்ளி என்று சொல்லியிருக்கமாட்டேன். உனக்கு மேடையில் ஒரு திருப்பம் வேண்டியிருந்தது. அதற்கு அவளையும் என்னையும் பயன்படுத்தினாய். இருபத்து நாலு வருடத்துக்கு முன்னால் அவள் வாங்கிய அடியை, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து சபையில் இரண்டாம் தடவை வாங்கினாள். அதை யோசித்தாயா?

மரம் எனக்கு நினைவுக்கு வர நாலு நாள் ஆயிற்று. காலையில் உன் அப்பாவின் பழைய பேண்ட்டில் கறை தேய்த்துக்கொண்டிருந்தபோது வந்தது. ஓண லீவு. உனக்கு ஏழு வயது, அப்பா கோழிக்கோட்டுக்கு மாற்றலாகியிருந்தார், உன்னை வீட்டில் விட ஆளில்லாமல் என்னோடு கல்லாறுக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். பாக்கியத்தின் கடைக்கு வெளியே எப்போதும் கிடக்கும் பெஞ்சு இல்லை, அடுப்புக் கல்லும் இல்லை. அவை எங்கே என்று நான் கேட்கவில்லை. நோட்டை விரித்து, "ஏன் பதினொரு நாள் ஒரே நம்பர்?" என்று கேட்டேன். "டீச்சர், அந்த மரம் வந்து..." என்று ஆரம்பித்தாள். "மரத்தப் பத்தி உன்கிட்ட யார் கேட்டா? ஏன் ஒரே நம்பர்னு கேட்டேன்" என்றேன். நான் அவளைத் திட்டிக்கொண்டிருந்தபோது நீ பட்டை உரிந்த ஒரு பெரிய மரத்தின்மேல் காலை ஆட்டிக்கொண்டு பழம்பொரி தின்றுகொண்டிருந்தாய். கரையில் குறுக்கே கிடந்தது அது. வேரோடு பிடுங்கி வந்த மரம், இடுக்கெல்லாம் மூங்கிலும் சேறும் அடைந்திருந்தது. அதை நான் பார்த்தேன். பார்த்து, "இறங்குடா, டிரவுசர் அழுக்காகும்" என்று உன்னைத் திட்டினேன்.

நினைவை மட்டும் நம்பக் கூடாது என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். அதனால் அடுத்த நாளே, அதே ஆற்றில் வெகுதூரம் கீழே பாலத்தடியில் அளவெடுக்கும் வேறொரு அலுவலகத்துக்குப் போய்ப் பழைய பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அந்தப் பதினொரு நாளும் அங்கே தண்ணீர் இருக்க வேண்டியதைவிடக் குறைவு. பன்னிரண்டாம் நாள் காலையில் திடீரென்று ஏறி, மத்தியானத்துக்குள் இறங்கியிருக்கிறது. மரம் அளவுப்பலகைக்கும் கடைக்கும் நடுவில் ஆற்றை அடைத்துக் கிடந்திருக்கிறது. அதற்கு மேலே தண்ணீர் தேங்கி ஒரே மட்டத்தில் நின்றிருக்கிறது. பன்னிரண்டாம் நாள் அடைப்பு உடைந்து, பாக்கியத்தின் பெஞ்சையும் அடுப்பையும் அடித்துக்கொண்டு போயிருக்கிறது. அவள் எழுதிய ஒவ்வொரு எண்ணும் சரி. இத்தனை வருடமும் அந்தப் பதிவேடு அங்கேயே இருந்தது. ஒரு போன் செய்திருந்தால் தெரிந்திருக்கும்.

போன வியாழக்கிழமை பொன்முடி பஸ் ஏறி கல்லாறுக்குப் போனேன். கடை இப்போது கான்கிரீட். பாக்கியம் பட்டுப்புடவை இல்லாமல் நைட்டியும் தோளில் துண்டுமாக நின்று டீ அடித்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை அவளை எனக்கு உடனே அடையாளம் தெரிந்தது.

"பாக்கியம், நீ எழுதினதுதான் சரி."

"எனக்குத் தெரியும் டீச்சர்."

"அன்னைக்கே நீ சொல்ல வந்தே."

"வந்தேன்."

"நான் சொல்ல விடல."

"விடல" என்றாள்.

பஸ்ஸில் காலை மிதித்தாலும், கடன் வாங்கி வருடக்கணக்கில் இழுத்தடித்தாலும், "சாரமில்ல" என்று வாய்க்கு வாய் சொல்லும் ஊர் இது. போகட்டும், பரவாயில்லை என்று அர்த்தம். நான் அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்து நின்றேன். அவள் சொல்லவில்லை. எனக்கு ஒரு டீயை நீட்டிவிட்டு, வந்த ஆட்களுக்கு வடை எடுத்துக் கொடுக்கப் போய்விட்டாள். முதலில் எனக்குச் சுருக்கென்றது. அப்புறம் அவள் ஏன் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

டீயைக் குடித்துக்கொண்டே கடையைப் பார்த்தேன். ஆற்றைப் பார்த்தபடி ஒரு ஜன்னல் இருந்தது எனக்கு நினைவு. அந்த இடத்தில் சுவரோடு சுவராகப் பிஸ்கட் அலமாரி நின்றது. ஜன்னல் எங்கே என்று கேட்டேன். "அடச்சாச்சு" என்றாள். ஏன் என்றேன். "காலத்த எந்திச்சு ஆத்தப் பாத்தா கை எழுத வருது டீச்சர். எழுத நோட்டு இல்ல. பின்ன எதுக்குப் பாக்கணும்?" என்றாள். குரலில் குறையே இல்லை. அரிசி விலை சொல்வது மாதிரிச் சொன்னாள். நான் எத்தனையோ கட்டுரை திரும்பி வந்து அழுதிருக்கிறேன், ஓய்வு பெற்ற அன்று அழுதிருக்கிறேன். இதற்கு அழக்கூட எனக்கு உரிமை இல்லை என்று பட்டது.

கிளம்பும்போது உன்னைப் பற்றிப் பேச்சு வந்தது. "நல்ல பிள்ளை டீச்சர். அன்னைக்கு அங்க எல்லாரும் எங்கூட நின்னு போட்டோ எடுத்தாவ. ஆனா ஸ்கேல எப்படிப் பாக்கணும்னு ஒருத்தரும் கேக்கல" என்றாள். முப்பத்து மூன்று வருடத்துக்கு முன்னால் அந்தப் பலகையை அவளிடம் ஒப்படைத்தவள் நான், நானும் கேட்டதில்லை. எப்படிப் பார்ப்பாய் என்று இப்போது கேட்டேன். "தண்ணி சும்மா நிக்காது, அலை வந்துட்டே இருக்கும். மூணு அலை விட்டு நடுவுல உள்ளத எடுக்கணும். மேல நின்னு பாத்தா தப்பாக் காட்டும். குனிஞ்சு, கண்ணு வெள்ளத்துக்கு நேர வரணும். அந்தப் பதினொரு நாளும் அலையே இல்ல டீச்சர். கொளம் மாதிரிக் கெடந்துச்சு. பாத்து எனக்கே பயம்" என்றாள். இந்த ஒரு பேச்சு அன்றைக்கு என் காதில் ஏறியிருந்தால் என் கட்டுரையே வேறு கட்டுரை ஆகியிருக்கும். அடுத்தடுத்த மழைக்காலத்தில் கீழே குளிக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கைகூடச் சொல்லியிருக்கலாம்.

அந்தக் கட்டுரை வந்த பத்திரிகைக்குத் திருத்தம் எழுதி அனுப்பிவிட்டேன். பழைய சக ஆசிரியர் ஒருவரிடம் சொன்னபோது, "விட்டு களயணும் டீச்சரே, இத்தனை வருஷம் கழிச்சு ஆரு நோக்கப் போறா" என்று சிரித்தார். அந்த நோட்டை இத்தனை வருடத்தில் திறந்து பார்த்த ஒரே ஆள் ஆணி அடிக்கப் போன என் மகன்தான் என்று அவரிடம் சொன்னேன். ஏழு வயதில் நீ உட்கார்ந்த மரம் உனக்கு நினைவிருந்தது. ஏன் ஒரே எண் என்று அவளிடம் போய்க் கேட்டாய், பதில் சொல்லி முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தாய். என் படிப்பு முழுவதும் செய்யாத காரியம் அது. அன்றைக்கு நான் கேட்ட ஆணிக் கேள்வியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் அந்த டீக்கடையில் நடந்ததோடு உன் உரையாடல் முடிந்துவிட்டது. மேடையில் நடந்தது வேறு ஏதோ. சென்னையில் இதை மறுபடி செய்யாதே. கிளம்புவதற்கு முன்னால் சனிக்கிழமை கல்லாறுக்குப் போ. வாட்ஸ்அப்பில் அனுப்பாதே, நேரில் போ. முதலில் அவளைச் சபையில் உட்காரவைத்ததற்கு மன்னிப்புக் கேள். பிறகு, சென்னைக்கு வந்து ஆற்றின் அளவை எப்படிப் பார்ப்பது என்று எல்லோருக்கும் சொல்லித்தர முடியுமா என்று கேள். மாட்டேன் என்றால் மாட்டேன்தான், கெஞ்சாதே. வருவேன் என்றால் நாற்காலியும் நெறியாளரும் வேண்டாம். ஒரு தொட்டித் தண்ணீரும் ஒரு அளவுப்பலகையும் போதும். என்னை மேடைக்குக் கூப்பிடாதே. நான் குனிந்து பார்க்கும் வரிசையில் நிற்கிறேன், முட்டி வலித்தாலும் பரவாயில்லை.

சுவரில் அவள் எழுதிய அளவில் உள்ள பதினொரு துணியும் அப்படியே இருக்கட்டும். இனி நீ கேட்ட குறிப்பு. இங்கிலீஷில் கேட்டாய், தமிழில் தருகிறேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பாக்கியம் படித்தது தமிழ், அவள் இதைப் படிக்க வேண்டும். நூறு வார்த்தைக்குள் அடங்குகிறது, எண்ணிப் பார்த்துவிட்டேன். ஒரு வார்த்தையையும் மாற்றாதே.

"கல்லாற்றின் நீர்மட்டத்தை ஒன்பது வருடம் தினமும் காலையில் இறங்கிப் பார்த்து எழுதியவர் பாக்கியம். ஒரு மழைக்காலத்தில் அவர் பதினொரு நாள் ஒரே அளவை எழுதினார். அது பொய் என்று முடிவு செய்து நான் வேறு எண்களைப் போட்டேன்; அவரை வேலையிலிருந்தும் நிறுத்தினேன். அவர் எழுதியதே சரி. ஒரு மரம் ஆற்றை அடைத்திருந்தது. அதைச் சொல்ல வந்தார், நான் முடிக்க விடவில்லை. அந்த மரத்தை நானும் பார்த்தேன். என் மகன் அதன்மேல் உட்கார்ந்திருந்தான். டிரவுசர் அழுக்காகும், இறங்கு என்று அவனைத் திட்டினேன்."